எங்கள் முகவரி உங்கள் சரக்கு அல்ல

விளம்பரத் தபால் அனுப்பும் நிறுவனங்களுக்கும், நன்கொடை கேட்டு எழுதும் தொண்டு அமைப்புகளுக்கும், பெயர்ப் பட்டியல்களை வாங்கி விற்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் எழுபதைத் தாண்டியவள். என் வயதை ஒத்த தோழிகளில் சிலருக்குப் பார்வை மங்கிவிட்டது. சிலருக்கு நினைவு தடுமாறுகிறது. அவர்கள் வீட்டில் குவியும் தபாலைப் படித்துப் பார்த்து, வேண்டியதையும் வேண்டாததையும் தனித்தனியாக எடுத்துவைக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அங்கே பார்த்தவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேண்டாம் என்று சொல்லும் பாரத்தை எங்கள் தலையிலிருந்து இறக்குங்கள். நாங்கள் கேட்டால் மட்டும் எழுதுங்கள். ஒருவர் ஒருமுறை பதில் போட்டுவிட்டார் என்பதற்காக அவருடைய பெயரை இன்னொருவருக்கு விற்காதீர்கள்.

பிடிக்காவிட்டால் குப்பைத் தொட்டியில் போடுவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டு இளையவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். தூக்கிப் போடுவதற்கு முன்னால் அது என்னவென்று தெரிய வேண்டும். தெரிவதற்குப் பிரிக்க வேண்டும், கண்ணாடியைத் தேடி எடுக்க வேண்டும், பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். பிறகு அது பொய்யா மெய்யா என்று முடிவு செய்ய வேண்டும். முப்பது வயதில் ஒரு நொடியில் நடக்கிற இந்த வேலை எண்பது வயதில் ஒரு முற்பகலை விழுங்கிவிடுகிறது. அதற்குள் மறுநாள் தபால் வந்துவிடுகிறது.

எங்கள் தலைமுறைக்குக் கடிதம் என்றால் என்ன என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் உட்கார்ந்து, நம்மை மனத்தில் நிறுத்தி எழுதியது கடிதம் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். மூடிய உறை ஒன்று மேசையில் கிடந்தால் அது எங்களுக்கு ஒரு கடமை. தனியாக வாழ்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். சில நாட்களில் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது உங்கள் அச்சடித்த தாள் மட்டும்தான். 'அன்புள்ள' என்று தொடங்கி, நடுவில் மூன்று இடங்களில் அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லி, கையால் எழுதியது போன்ற நீல எழுத்தில் ஒரு பின்குறிப்பும் சேர்த்து அனுப்புகிறீர்கள். அவர்கள் அதை நம்புவது அறியாமையால் என்று சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுவதும் காப்பாற்றிவந்த நல்ல பழக்கத்தால் நம்புகிறார்கள். அந்தப் பழக்கத்தின் மீதுதான் உங்கள் வியாபாரம் நடக்கிறது.

அது நடக்கும் விதம் பலருக்குத் தெரியாது. பதில் போடுகிறவரின் பெயர்தான் இந்தத் தொழிலில் விலை உயர்ந்த சரக்கு. ஒரு குலுக்கல் பரிசுக்கோ, மூட்டுவலி மருந்துக்கோ, நன்கொடைக்கோ ஒருவர் சிறு தொகை அனுப்பினால், 'தபாலுக்குப் பணம் அனுப்புகிறவர்' என்ற குறிப்போடு அவர் பெயர் பட்டியலில் ஏறிவிடும். அதை வாடகைக்கு விடுகிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள், விற்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு அனுப்பிய ஒரு சிறு தொகை அடுத்தடுத்த மாதங்களில் வீட்டுக்குள் வந்து விழும் பெருங்குவியலுக்கு வழி திறந்துவிடுகிறது. ஏன் திடீரென்று இத்தனை கடிதங்கள் என்று என் தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள். தன்னைப் பற்றி இத்தனை பேருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கலங்கிப்போயிருந்தாள். பெயரை விற்றிருப்பார்கள் என்று சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. அவள் யாரிடமும் அனுமதி கொடுக்கவில்லையே!

இந்தப் பட்டியல்கள் கடைசியில் யார் கையில் போய்ச் சேரும் என்பதற்கு நீதிமன்ற ஆவணங்களே சாட்சி. மரியா துவால் என்ற ஜோதிடப் பெண்மணியின் பெயரில் அமெரிக்காவில் பல ஆண்டுகள் கடிதங்கள் போயின. உங்களுக்காக ஒரு காட்சி கண்டேன், பெரும் செல்வம் வரப்போகிறது, உடனே பணம் அனுப்புங்கள் என்று தனிப்பட்ட கடிதம் போலவே எழுதப்பட்டவை அவை. 1994 முதல் 2014 வரை நடந்த இந்த மோசடியில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 17.5 கோடி டாலருக்கும் அதிகமாக இழந்தார்கள். ஏமாந்தவர்களில் பலர் முதியவர்கள். ஒருமுறை பணம் அனுப்பியவருக்கு அடுத்து டஜன் கணக்கில் கடிதங்கள் போயின. இதை நடத்தியவருக்கு 2024இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். யாருக்கு எழுதுவது என்று அந்தக் கும்பலுக்கு எப்படித் தெரிந்தது? வேறு தபால் மோசடிக்காரர்களின் பெயர்ப் பட்டியல்களை வாடகைக்கு எடுத்தும் மாற்றிக்கொண்டும்தான் தெரிந்துகொண்டார்கள்.

மோசடிக்காரர்கள் வேறு, நாங்கள் வேறு என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களில் பெரும்பாலோருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2021 ஜனவரியில் எப்சிலான் என்ற பெரிய தரவு நிறுவனம், முதியோரைக் குறிவைத்த மோசடிக் கும்பல்களுக்குக் கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் விவரங்களைத் தன் ஊழியர்கள் விற்ற வழக்கில் 15 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதில் 12.75 கோடி டாலர் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. எப்சிலான் ஒரு இருட்டறையில் ஒளிந்திருந்த கும்பல் இல்லை. பெயர் பெற்ற வணிகங்களுக்காக வேலை செய்த நிறுவனம். யார் பதில் போடுவார் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் திறமையைத்தான் அது விற்றது. அந்தத் திறமை நல்லவர் கையிலும் கெட்டவர் கையிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. பட்டியல் விற்பவர்களே, வாங்குகிறவர் யார் என்று பார்க்காமல் விற்பதற்கு உங்களுக்கு எந்த நியாயமும் கிடையாது.

தொண்டு அமைப்புகளிடம் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன். எங்களில் பலர் கையில் இருப்பதைப் பகிர்ந்து கொடுத்தே பழகியவர்கள். அதனாலேயே உங்கள் கடிதம் எங்களை அதிகம் வருத்துகிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த ஆலிவ் குக் என்ற மூதாட்டி, போரில் இறந்த வீரர்களின் நினைவாகப் பாப்பி மலர் விற்று 76 ஆண்டுகள் நிதி திரட்டியவர். 2015இல் 92 வயதில் அவர் இறந்த பிறகுதான், நன்கொடை கேட்டு அவருக்கு வந்த கடிதங்களின் அளவு நாட்டுக்குத் தெரிந்தது. அவரது இறப்புக்குத் தொண்டு அமைப்புகள் காரணம் இல்லை என்று குடும்பத்தார் தெளிவாகச் சொன்னார்கள். அதை நானும் அப்படியே ஏற்கிறேன். ஆனால் விசாரணையில் வெளிவந்தது என்ன? 99 தொண்டு அமைப்புகளிடம் அவருடைய பெயரும் முகவரியும் இருந்தன. அத்தனை அமைப்புகளுக்கும் அவரே தேடிப்போய்க் கொடுத்தவை அல்ல. பல அமைப்புகள் பிறரிடமிருந்து வாங்கியிருந்தன. கொடுக்கிற மனம் உள்ள ஒருவரை அடையாளம் கண்டதும் எல்லோரும் அவர் வாசலிலேயே வரிசையில் நிற்பது எந்த அறத்தில் சேரும்?

அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பிரிட்டனில் நிதி திரட்டலுக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு 2016இல் வந்தது. 2017 முதல் ஒருவர் தமக்கு எந்த அமைப்பிடமிருந்து கடிதம் வேண்டாம் என்று ஒரே இடத்தில் பதிந்துவிடலாம். அவருக்காக உறவினரோ நண்பரோ பதிந்து கொடுக்கவும் முடியும். மறுக்கும் தெம்பு இல்லாதவருக்காக இன்னொருவர் மறுக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். தோழிகளுக்காக உங்களுக்கு எழுதும்போதெல்லாம் 'சம்பந்தப்பட்டவரே எழுத வேண்டும்' என்ற பதில் எனக்கு வருகிறது. நினைவு தப்பியவர் எப்படி எழுதுவார்?

கடிதத்தோடு நீங்கள் வைத்து அனுப்பும் சிறு பொருட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேனா, வாழ்த்து அட்டை, பெயர் அச்சிட்ட முகவரிச் சீட்டு, சில நேரங்களில் பளபளக்கும் ஒரு நாணயம். இவை எல்லாம் ஏன் வருகின்றன என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவரிடமிருந்து ஒரு பொருளை வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்காமல் இருக்க எங்கள் மனம் ஒப்பாது. வந்த வாழ்த்து அட்டைகளை ஒரு பெட்டியில் சேர்த்துவைத்து, காசு அனுப்ப முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியோடு இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கேட்காமல் வந்த பொருளை வைத்துக்கொள்ளலாம், பணம் தரத் தேவையில்லை என்று அமெரிக்கச் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் சொல்கின்றன. அந்த ஒரு வரியை அந்தப் பொருளோடு சேர்த்து அச்சிட்டு அனுப்புகிறீர்களா? நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

உறைகளின் தோற்றம் எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்குகிறது. பழுப்பு நிற உறை, முத்திரை போன்ற சின்னம், 'இறுதி அறிவிப்பு', 'உடனே பிரிக்கவும்', 'முகவரிதாரர் மட்டும் பிரிக்கலாம்' என்ற சிவப்பு எழுத்து. உள்ளே இருப்பது ஒரு கடன் அட்டையோ காப்பீட்டுத் திட்டமோ. அரசுக் கடிதம் போல வேடம் கட்டி வரும் இந்த உறைகளால் உண்மையான அரசுக் கடிதம் நம்பிக்கை இழக்கிறது. ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய படிவத்தையும், மருத்துவமனை கொடுத்த தேதியையும், வரி அலுவலகக் கடிதத்தையும் விளம்பரக் குவியலுக்கு அடியிலிருந்து நான் எடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று தேதி கடந்த பிறகுதான் கைக்கு வந்தது; கண் அறுவைச் சிகிச்சைக்கு அந்தத் தோழி மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதாயிற்று. வீண் காகிதம் என்று நீங்கள் ஒதுக்குவது அவள் கண்ணில் போய் முடிந்தது.

மறுப்பது எளிது, அதற்கு வழிகள் இருக்கின்றன என்பீர்கள். இருக்கின்றன. பிரிட்டனில் 1983 முதல் பெயரைப் பதிந்து விளம்பரத் தபாலைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. பதிந்த பிறகு முழுப் பயன் தெரிய மாதங்கள் ஆகும். 'வீட்டில் குடியிருப்பவருக்கு' என்று பெயரில்லாமல் வருகிற தபாலை அது தடுக்காது. அதற்கு வேறொரு இடத்தில் வேறொரு படிவம். அமெரிக்காவில் முன்கூட்டியே ஒப்புதல் அளித்ததாகச் சொல்லி வரும் கடன் அட்டைக் கடிதங்களைத் தொலைபேசி வழியாக 5 ஆண்டுகளுக்கு நிறுத்தலாம். நிரந்தரமாக நிறுத்தத் தனிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். அங்கே விளம்பரத் துறையே நடத்தும் விலகல் பட்டியலில் சேர்வதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்; அதுவும் 10 ஆண்டுகளுக்குத்தான். தொல்லை வேண்டாம் என்பதற்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? 75 வயதில் மறுத்தவர் 85 வயதில் அதை மறக்காமல் புதுப்பிக்க வேண்டுமாம். அந்த 10 ஆண்டுகளில் ஒருவரின் உடலும் நினைவும் எங்கே போகும் என்று இந்த விதியை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

எங்களால் முடிந்ததை நாங்கள் செய்கிறோம். வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து, உறையைப் பிரிக்கும் முன்பே அனுப்பியவர் யார் என்று பார்த்துத் தனித்தனியாக வைக்கிறோம். வங்கி, ஓய்வூதியம், மருத்துவம், வரி ஆகிய நான்கும் ஒரு பக்கம். 'இன்றே பதில் தேவை' என்று அவசரப்படுத்துவது எதுவாக இருந்தாலும் அன்றைக்குப் பதில் போடுவதில்லை. ஒரு வாரம் கிடக்கட்டும் என்று வைத்துவிடுகிறோம். பரிசு விழுந்திருக்கிறது, அதைப் பெறக் கட்டணம் அனுப்பு என்று வருகிறதென்றால் அது பொய். கலந்துகொள்ளாத குலுக்கலில் யாருக்கும் பரிசு விழாது. உண்மையான நிறுவனங்களுக்கு 'என் பெயரை நீக்குங்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள்' என்று இரண்டு வரி எழுதி, நகலைக் கோப்பில் வைக்கிறோம். மோசடி என்று தோன்றுவதற்கு மறுப்புக்கூட எழுதுவதில்லை. இந்த முகவரியில் கடிதத்தைப் படிக்கிற ஒருவர் இருக்கிறார் என்ற செய்தியே அவர்களுக்குப் போதும்.

இந்த மடலை முதியவர்களின் பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் அவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குவியலைப் பார்த்ததும் அதட்டாதீர்கள். அதட்டினால் அடுத்த முறை கடிதங்களை அலமாரிக்குள் மறைத்துவைப்பார்கள், அனுப்பிய பணத்தையும் மறைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். எதை வைப்பது, எதை எறிவது என்ற முடிவை அவர்களிடமே விடுங்கள். அவர்கள் பெயருக்கு வந்த தபால் அது.

மின்னஞ்சலிலும் இதே கதைதான், வேகம் மட்டும் கூடுதல். ஆனால் அங்கே ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000க்கும் மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அஞ்சல் அனுப்புகிறவர்கள், தங்கள் விளம்பர அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியை வைக்க வேண்டும், கேட்ட இரண்டு நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும் என்று கூகுள் விதி செய்தது. யாஹூவும் அதே காலத்தில் அதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. திரையில் இரண்டு நாளில் முடிகிற ஒன்று காகிதத்தில் மட்டும் ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது? அச்சிட்ட பிரதிகள் கிடங்கில் மிச்சம் இருக்கின்றன என்று ஒரு நிறுவனம் எனக்குப் பதில் எழுதியது. உங்கள் கிடங்கை எங்கள் வீட்டில் காலி செய்ய நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் கேட்பது நடக்க முடியாத ஒன்றும் இல்லை. 1970இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோவன் வழக்கில், அனுப்புகிறவரின் பேச்சுரிமை விரும்பாத ஒருவரின் தபால் பெட்டியோடு நின்றுவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தபால் அனுப்பிய நிறுவனங்களே தொடுத்த வழக்கு அது, அவை தோற்றன. 'விளம்பரம் வேண்டாம்' என்று தபால் பெட்டியில் ஒட்டிய சீட்டை விளம்பரதாரர் மதித்தே ஆக வேண்டும் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1988இல் சொன்னது. ஆம்ஸ்டர்டாம் நகரம் 2018 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், முறையையே திருப்பிப் போட்டது. அங்கே வேண்டாதவர் சீட்டு ஒட்டத் தேவையில்லை. பெயரில்லா விளம்பரத் தாள்கள் வேண்டும் என்கிறவர்தான் ஒட்ட வேண்டும். சீட்டு இல்லாத வீட்டில் போடக் கூடாது. படிவம் நிரப்ப முடியாதவர், நினைவு தப்பியவர், படுக்கையில் கிடப்பவர் எல்லோரையும் ஒன்றுமே செய்யாமல் காப்பாற்றுகிற விதி அது. பெயர் எழுதிய தபாலுக்கும் அது வர வேண்டும். சட்டம் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

நேரடி விளம்பரத்துக்குத் தன் விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அத்தோடு நிறுத்த வேண்டும் என்பது 2018 மே முதல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பிறரிடமிருந்து விவரம் பெற்றிருந்தால், எங்கிருந்து பெற்றோம் என்று சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் இதை உங்கள் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் முதல் பக்கத்திலும், நாங்கள் படிக்கக்கூடிய அளவு எழுத்தில், உங்கள் முகவரியை இன்னாரிடமிருந்து வாங்கினோம் என்று அச்சிடுங்கள்.

இறந்தவர்களுக்கு எழுதுவதையும் நிறுத்துங்கள். இறந்தவர்களின் பெயர்களை நீக்குவதற்கென்றே பல நாடுகளில் பதிவேடுகள் இருக்கின்றன. அனுப்பும் முன் உங்கள் பட்டியலை அவற்றோடு ஒத்துப் பார்க்கச் செலவு அதிகம் ஆகாது. கணவர் இறந்து பல மாதங்கள் ஆன பிறகும் அவர் பெயருக்கு, அதுவும் அவருடைய உடல்நலத்தை விசாரித்து, மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் வந்ததைப் பார்த்து ஒரு மனைவி பட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதைவிட அதிகமாக அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பணம் அனுப்புவதற்கென்று உங்கள் முகவரியை அச்சிட்டு, தபால்தலை ஒட்டத் தேவையில்லாத பதில் உறை ஒன்றை ஒவ்வொரு கடிதத்துக்குள்ளும் வைக்கிறீர்கள். மறுப்பதற்கும் அப்படியே ஓர் அட்டை வையுங்கள். அதில் எங்கள் பெயரும் முகவரியும் முன்பே அச்சாகியிருக்கட்டும். 'இனி எனக்கு எழுத வேண்டாம், என் பெயரை யாருக்கும் தர வேண்டாம்' என்ற ஒரு வரியும், ஒரு கையெழுத்துக்கு இடமும் போதும். கையெழுத்துப் போட முடியாதவருக்காக இன்னொருவர் கையெழுத்திட இரண்டாவது இடமும் விடுங்கள். அந்த அட்டை வந்து சேர்ந்ததும், நீங்கள் அவர் பெயரை யார் யாருக்கு விற்றீர்களோ அவர்கள் அனைவருக்கும் நீங்களே தெரியப்படுத்துங்கள். விற்ற இடம் உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தோழிகளின் தபாலைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மூதாட்டி